எதை எழுதிவைக்க முடியும்? வடசென்னைக் குடும்பங்களில் மூப்பும் சொத்துரிமையும்

கேள்வி

வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் குடும்பத்தின் பெரியவர் இறந்தபின் பிள்ளைகள் முதலில் தேடுவது வீட்டுக்கான காகிதத்தை. சில வீடுகளில் கிரயப் பத்திரம் கிடைக்கிறது. பல வீடுகளில் வாரிய ஒதுக்கீட்டு ஆணை, கோயில் மனை வாடகை ரசீது, சொத்து வரி ரசீது, ஈபி கார்டு, ரேஷன் கார்டு ஆகியவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே இருக்கும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உரிமையைக் காட்டுபவை. சிலவற்றால் எந்த உரிமையையும் நிறுவ முடியாது.

முதியோரின் சொத்து பற்றிப் பொதுவெளியில் இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. முதலாவது, நிதி ஆலோசகர்கள் சொல்வது: உயில் எழுதுங்கள், வங்கிக் கணக்குக்கு நாமினி போடுங்கள். இரண்டாவது, நாளிதழ்ச் செய்திகளின் தொனி: பிள்ளைகளின் பேராசையால் பெற்றோர் தெருவுக்கு வருகிறார்கள். முதல் விளக்கம் தெளிவான உரிமை ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, சட்டத்தின் கட்டமைப்பை விட்டுவிட்டு மனிதர்களின் குணத்தை மட்டும் பார்க்கிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வரையிலான கரையோரத்துக்கு இவை இரண்டும் போதாதவை. உரிமையின் தன்மையும், உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கைமாற்றும் பழக்கமுமே இங்கு முதியவரின் நிலையைத் தீர்மானிக்கின்றன. உயில் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

இந்தக் கேள்வி பெருகிக்கொண்டே போகும். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை இன்று ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறது.

வீட்டின் அடியில் உள்ள மண்

திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. மண் கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் குடியிருப்பவருடையது. மாதாமாதம் மனை வாடகை கட்டி, வரியும் கட்டி, ஈபி இணைப்பும் தன் பெயரில் இருந்தால், 'சொந்த வீடு' என்ற நம்பிக்கை இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் அப்படிப்பட்டவர் எழுதும் உயில் கட்டடத்தைத் தாண்டாது. 1921ஆம் ஆண்டின் மதராஸ் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் மனையில் கட்டடம் கட்டியவருக்கு அந்த மனையை நீதிமன்றம் வழியாக விலைக்குப் பெறும் வாய்ப்பை அளித்திருந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் போன்ற சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த வாய்ப்பை நீக்கியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இத்திருத்தத்தை உறுதிசெய்தது. எனவே தந்தை இறந்தபின் பிள்ளைகள் உடனே செய்ய வேண்டியது, இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில் நிர்வாகத்திடம் வாடகைதாரர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது. இதைத் தள்ளிப்போட்டால் பழைய பெயரில் ரசீது வாங்கிக்கொண்டே வருடங்கள் ஓடிவிடும். பிறகு ஒரு நாள் நிலுவையும் ஆக்கிரமிப்பு நோட்டீசும் சேர்ந்து வரும்.

அடுத்தது, வடசென்னை மக்கள் 'அவுசிங் போர்டு' என்று சொல்லும் அடுக்குமாடி வீடுகள். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், 2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. தவணைக் கொள்முதல் முறையில் ஒதுக்கப்பட்ட வீடு, முழுத் தொகையும் கட்டிக் கிரயப் பத்திரம் பெறும்வரை ஒதுக்கீடுதாரருக்கு முழு உடைமை ஆவதில்லை. தவணை முடிந்த பிறகும் கிரயப் பத்திரம் வாங்காமல் விட்ட குடும்பங்கள் பல. அந்நிலையில் ஒதுக்கீடுதாரர் இறந்தால், வாரிசுகள் அனைவரும் சேர்ந்து வாரியத்திடம் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். ஒரு மகள் திருமணமாகி வெளியூரில் இருந்து கையெழுத்துப் போட மறுத்தால் எல்லாம் நின்றுவிடும். பழைய கட்டடங்களை இடித்து மறுகட்டுமானம் செய்யும்போது இது இன்னும் கூர்மையாகிறது. புது வீடு யார் பெயரில் வரும் என்பதைப் பழைய ஒதுக்கீட்டு ஆணையும் பெயர் மாற்றக் கோப்புமே முடிவுசெய்கின்றன. ஒதுக்கீடுதாரர் உயிரோடு இருக்கும்போதே நிலுவையைத் தீர்த்துக் கிரயப் பத்திரம் பதிவுசெய்வது, உயில் எழுதுவதைவிட அவசரமான வேலை.

மூன்றாவது, மீனவக் குப்பங்களின் வீடுகள். கடலோரப் புறம்போக்கிலோ ஊர் நத்தத்திலோ எழுந்தவை இவை. அரசு வழங்கிய நிபந்தனைப் பட்டா இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. ஆனால் வாரிசு வழியாக இறங்குவதை அது தடுப்பதில்லை. பட்டாவே இல்லாத இடங்களில், யாருடைய வீடு எது என்பதை ஊர்ப் பஞ்சாயத்து அறிந்திருக்கிறது, ஏற்கவும் செய்கிறது. அண்ணன் தம்பிக்குள் பிரிப்பதும் பஞ்சாயத்தார் முன்னிலையில் முடிந்துவிடும். அந்த ஏற்பாடு ஊருக்குள் செல்லுபடியாகும். வங்கிக் கடனுக்கோ நிலமெடுப்பு இழப்பீட்டுக்கோ அது போதாது. மணலி, எண்ணூர் சாலைகளை அகலப்படுத்தும் திட்டங்களும் துறைமுகப் பணிகளும் வந்தபோது, இழப்பீட்டுப் பட்டியலில் எந்தப் பெயர் இடம்பெறும் என்பதே வீட்டுக்குள் புதிய பிளவுகளுக்குக் காரணமானது.

இப்பகுதியில் கடலும் நிலத்தைக் கேட்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது. கற்சுவர் போடப்படும்வரை தெருத் தெருவாக வீடுகள் கடலுக்குப் போயின. 2004 டிசம்பர் 26 சுனாமி இதை ஒரே காலையில் செய்தது. மனையை இழந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது மாற்று இடத்தில் ஒதுக்கீட்டு வீடு. தாத்தா காலத்து மனையில் நான்கு மகன்களுக்கும் பேச்சளவில் பங்கு இருந்தது. ஒதுக்கீட்டு ஆணையில் இருப்பது ஒரு குடும்பத் தலைவரின் பெயர். மற்ற மூவருக்கும் அதில் சட்டப்படி நிலைநாட்டத்தக்க பங்கு எதுவும் இல்லை. அவர்களுடைய மனக்குறை நியாயமானது என்றாலும், நீதிமன்றம் அதைத் தீர்க்கும் வழி மிகக் குறுகியது.

ஒரே தெருவில் நான்கு வாரிசுச் சட்டங்கள்

ராயபுரம் மத அடிப்படையில் கலந்த பகுதி. படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும், மசூதிகளும், 1910இல் கட்டப்பட்ட பார்சிகளின் அக்னி ஆலயமும் நடந்துபோகும் தொலைவில் உள்ளன. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சொத்து எப்படிப் பிரியும் என்பது அவர் மதத்தைப் பொறுத்தது. பொதுவாக இந்த வேறுபாடு மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கு என்ற கோணத்தில்தான் பேசப்படுகிறது. அது முக்கியமே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அன்று திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவாக்கியது.

முதுமையைப் பற்றிய ஆய்வுக்கு வேறொரு கேள்வி இன்னும் பொருத்தமானது: மகன் முந்திக்கொண்டு இறந்தால் பெற்றோருக்கு என்ன கிடைக்கும்? கடலுக்குப் போகிறவரும், ரசாயன ஆலையிலும் கன்டெய்னர் லாரியிலும் வேலை செய்கிறவரும் வாழும் பகுதியில் இது கற்பனைக் கேள்வி அல்ல.

இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் தாயும் இருக்கிறார். தந்தை இல்லை. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய், தந்தை ஆகியோரை விட்டு இறந்தவரின் சொத்து நான்கு சம பங்குகளாகும், தந்தைக்குப் பூஜ்யம். கிறிஸ்தவருக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு. குழந்தைகள் இருந்தால் பெற்றோர் இருவருக்குமே எதுவும் இல்லை. குழந்தைகள் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, மீதி தந்தைக்கு. தந்தை இருக்கும்வரை தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் சட்டத்தில், குழந்தைகளை விட்டு இறந்தவரின் தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று உறுதி. மனைவிக்கு எட்டில் ஒன்று. பார்சிகளுக்கான விதிகளில் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையின் பங்கில் பாதியைப் பெறுகின்றனர்.

நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வயதான பெற்றோர் இருவரையும் கணக்கில் எடுக்கும் சட்டங்கள் முஸ்லிம் சட்டமும் பார்சி விதிகளும்தான். கரையோரத்தில் பெரும்பான்மையான இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களில், மகனின் சம்பாத்தியத்தை நம்பி வாழும் தந்தை சட்டப்படி வெளியே நிற்கிறார். ஆகவே இங்கு முதலில் உயில் எழுத வேண்டியவர் எழுபது வயதுத் தந்தை அல்லர், நாற்பது வயது மகன். முதியோர் பாதுகாப்பு பற்றிய பேச்சில் இந்தக் கோணம் அறவே இடம்பெறாதது பெரிய குறை.

பெண்ணின் சொத்துக்கும் தனிக் கவனம் தேவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, குழந்தைகளும் கணவரும் இல்லாமல் இறக்கும் பெண்ணின் சொத்து, அவருடைய தாய் தந்தைக்கு முன் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவரே உழைத்துச் சேர்த்த சொத்தும் கணவர் வழியினருக்கே என்று 2009இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீன் விற்றுச் சீட்டுக் கட்டி நகை சேர்த்த விதவைப் பெண் தன் தாயோடு வாழ்ந்து இறந்தால், அந்த நகை தாயைச் சேராது. ஒரு பக்க உயில் இதை மாற்றிவிடும்.

உயிலும் பழைய நகர எல்லையும்

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையெழுத்தும், அதைப் பார்த்துக் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளும் போதும். பிற்காலத்தில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். தன் வயதொத்த நண்பர்களைச் சாட்சியாக வைக்கும் வழக்கம் இங்கேதான் குடும்பத்தைக் கைவிடுகிறது. உயில் எழுதியவருக்கு முன்பே சாட்சிகள் போய்விடுகிறார்கள். முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. கிறிஸ்தவர் உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகும். மறுமணம் செய்துகொள்ளும் முதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இப்பகுதியைச் சட்டம் நெடுங்காலம் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரித்திருந்தது. ராயபுரம் பழைய மதராஸ் நகரம். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் வரம்புக்குள் இருப்பது. திருவொற்றியூரும் கத்திவாக்கம்–எண்ணூரும் தனி நகராட்சிகளாகச் செங்கல்பட்டு, பின்னர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. 2011இல் மாநகராட்சியிலும் 2018இல் சென்னை மாவட்டத்திலும் அவை சேர்ந்தன. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்தின் அந்த வரம்புக்குள் எழுதப்பட்ட அல்லது வரம்புக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்து ஒருவரின் உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ், அதாவது புரோபேட், வாங்க வேண்டும் என்றது. திருவொற்றியூர் வீட்டைப் பற்றித் திருவொற்றியூரில் எழுதிய உயிலுக்கு அது தேவைப்படவில்லை. அதே உயிலை ராயபுரத்தில் வைத்து எழுதினால் தேவைப்பட்டது. ராயபுரம் முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002இல் நீங்கியது. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்துக்கோ நீடித்தது. செலவுக்கும் ஆண்டுக்கணக்கான காத்திருப்புக்கும் பயந்து, உயிலைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாரிசுச் சான்றிதழோடு காரியத்தை முடித்துக்கொண்ட குடும்பங்கள் பல.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் உயிலின் உண்மையைச் சோதிக்கும் வேலை மறைந்துவிடவில்லை. அது பட்டா மாற்றும் அலுவலகத்துக்கும் வங்கி வழக்கறிஞருக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது. உடன்பிறந்தவர் மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு. ஆகவே கட்டாயம் இல்லாத பதிவை உயிலுக்குச் செய்துகொள்வது முன்பைவிட இப்போது கூடுதல் பயன் தரும்.

செட்டில்மெண்ட்: வாழும்போதே கைமாறும் வீடு

வடசென்னையில் பத்திர எழுத்தரிடம் போகும் முதியவர் உயில் எழுதித் திரும்புவது குறைவு. பெரும்பாலும் செட்டில்மெண்ட், அதாவது வீட்டை உடனே கைமாற்றும் பத்திரம், எழுதுகிறார். காரணங்கள் உண்டு. குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனைக்கோ 7 சதவீதம். பட்டாவும் வரியும் உடனே பெயர் மாறும். பின்னால் மற்ற பிள்ளைகளின் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். மகன் வீட்டுக் கடன் வாங்கி மாடி எடுக்க வேண்டுமென்றால் வங்கி அவர் பெயரில் பத்திரம் கேட்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டபின், மாடி எடுக்கும் ஆர்வத்தோடு இந்தக் காரணமும் வலுத்திருக்கிறது.

உயிலை எழுதியவர் இறக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிவாகி ஏற்கப்பட்ட அன்றே உரிமை போய்விடுகிறது. 'நான் எழுதிக் கொடுத்தேன், நானே ரத்து செய்கிறேன்' என்று பதிவு அலுவலகத்துக்குப் போகும் பெற்றோர், 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அளித்த தீர்ப்பால் திருப்பி அனுப்பப்படுகின்றனர். செட்டில்மெண்டைத் தன்னிச்சையாக ரத்து செய்யும் பத்திரத்தைப் பதிவாளர் ஏற்க இயலாது.

மீதமுள்ள வழி, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம். இங்கே நீதிமன்றங்களின் பார்வை ஒருசீராக இருந்ததில்லை. 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு நிபந்தனையோடுதான் சொத்து மாற்றப்பட்டது என்பது நிறுவப்பட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், முதியோர் நலனுக்கான சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும், வீட்டின் வசத்தையே திருப்பித் தர உத்தரவிடலாம் என்றும் கூறியது. 'அன்பின் பொருட்டு' என்று எழுதியதிலேயே நிபந்தனை உள்ளுறைந்திருக்கிறது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றது.

இத்தீர்ப்புகளில் பிந்தையவையே சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்துகின்றன. எழுபது வயதுத் தாய் பத்திர எழுத்தரின் வார்ப்பு வாசகத்தில் கைநாட்டு வைக்கும்போது, நிபந்தனை எழுதவில்லையே என்று பின்னால் அவரையே கேட்பது அநீதி. ஆயினும் தீர்ப்பாயத்தின் மனநிலையை நம்பி வீட்டைப் பணயம் வைக்கத் தேவையில்லை. செட்டில்மெண்டிலேயே பெற்றோர் இருவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையை ஒதுக்கிக்கொள்ளலாம். அத்தகைய பத்திரம் செல்லும் என்று 2014இல் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. பராமரிப்பு, மருத்துவச் செலவு, வசிப்பிடம் ஆகியவற்றை நிபந்தனையாகப் பெயரிட்டு எழுதுவதற்குக் கூடுதல் தீர்வை இல்லை. இந்த இரண்டு வாசகங்களும் இல்லாத பத்திரத்தில் முதியவர் கையெழுத்திடக் கூடாது. கணவர் எழுதும்போது மனைவியின் உரிமையும் சேர்ந்தே ஒதுக்கப்பட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் பின்னால் தனியாக வாழப்போகிறவர் அவர்தான்.

தொழிற்சாலைப் பணமும் படகும்

ஓய்வூதியமும் சேமநிதியும் வேறு விதிகளில் இயங்குகின்றன. துறைமுக ஊழியரின் குடும்ப ஓய்வூதியமும், தனியார் ஆலைத் தொழிலாளியின் இ.பி.எஸ். (ஊழியர் ஓய்வூதியத் திட்ட) ஓய்வூதியமும் ஒன்றல்ல. பின்னதற்கு 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். விதவைக்குப் பொதுவாக அதில் பாதி, அதுவும் 1,000க்குக் குறையாது. அரசின் முதியோர் உதவித்தொகையே 2023இல் 1,200 ஆக உயர்ந்தது. முப்பது வருடம் ஆலையில் உழைத்தவரின் மனைவி பெறும் தொகை அதைவிடக் குறைவாக இருக்க முடியும் என்பது வெட்கப்பட வேண்டிய நிலை.

நாமினி என்றால் வாரிசு என்ற நம்பிக்கை பரவலானது. ஆயுள் காப்பீட்டில் நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளுக்காக வைத்திருப்பவரே என்று 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிறுவனப் பங்குகளுக்கும் 2023 டிசம்பரில் அதையே சொன்னது. காப்பீட்டுச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பெற்றோர், மனைவி, குழந்தைகளை நாமினியாக்கினால் அவர்களுக்கே பணம் உரியது என்று மாற்றியது. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம். சேமநிதியில், குடும்பம் இல்லாத காலத்தில் செய்த நியமனம், குடும்பம் அமைந்ததும் செல்லாததாகும்.

மீனவக் குடும்பத்தின் பெரிய சொத்து பெரும்பாலும் ஃபைபர் படகும் எஞ்சினும் வலையும்தான். படகு அசையும் சொத்து. வாரிசு விதிகள் அதற்கும் பொருந்தும். கணவர் இறந்தபின் படகைப் பங்குக்கு விடும் பெண், மீன்வளத் துறைப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால், மானிய டீசலும் பிற உதவிகளும் நின்றுபோகும்.

முடக்கம்

இறப்புக்கு முன் வரும் முடக்கத்துக்குச் சட்டத்தில் தயாரான வழி இல்லை. பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால், அவர் கொடுத்திருந்த பவர் பத்திரமும் அதோடு முடிகிறது. பிள்ளைகள் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது செல்லாது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம், கோமாவில் இருந்த ஒருவரின் காப்பாளராக அவர் மனைவியையே நியமித்துச் சொத்தைக் கையாள அனுமதித்தது. கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்புவது மனிதாபிமானம் ஆகாது என்ற நோக்கில் எழுந்த தீர்ப்பு அது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ரிட் மனு போட முடியாது. வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது மீதமிருப்பவர்' என்ற முறையில் தம்பதி பெயரில் வைப்பது, மருத்துவச் செலவுக்காவது கையில் பணம் இருக்க உதவும்.

மருத்துவத்தில் குறைவாகப் பயன்படுத்தப்படும் ஓர் உரிமை உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் சிகிச்சை பெறலாம். ஒப்பந்தக்காரர் மாறி மாறி வேலை செய்த தொழிலாளிக்குப் பணிச் சான்று இல்லாததால் இது கைநழுவுகிறது. 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபர் முதல் மத்தியத் திட்டத்தில் உள்ளது. ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

இவற்றில் ரேஷன் கார்டு தனிச் சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியே, கார்டுக்கு ஒன்று என வழங்கப்பட்டது. மகனின் கார்டில் உறுப்பினராக இருக்கும் தாய்க்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை. தனிக் கார்டுக்குத் தனிச் சமையலறை காட்ட வேண்டும். ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழும் அவுசிங் போர்டு வீட்டில் அதைக் காட்ட வழியில்லை.